ஒரேயொரு 'இல்ல'

ரொட்டி வெட்டும் இயந்திரம் ஓடுகிற இடத்தில், பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிட முடியுமா? அந்தப் பேக்கரியில் ரொட்டி பாக்கெட் போடும் மேசையில் நின்ற ஏழு பெண்களும் விரலால் பேசினார்கள். ஒருத்தி புருவத்தைத் தூக்கினால் 'நேத்து எபிசோடு எப்படி?' என்று கேட்கிறாள். எதிரே நிற்பவள் கையுறை போட்ட விரல்களை விரித்துக் காட்டுவாள். பத்துக்கு எத்தனை என்பதுதான் கணக்கு. எட்டு என்றால் அழுதிருக்கிறாள். இரண்டு என்றால் பாதியிலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இந்த விரல் வழக்கத்தை அந்த மேசையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனவள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமான புதிதில், புருஷனோடு சினிமாவுக்குப் போய்விட்டு வெளியே வந்ததும் எட்டு விரலைக் காட்டினாள். அவர் ஒரு நொடி பார்த்தார், விஷயம் புரிந்தது, இரண்டு விரலைக் காட்டினார். "இதுக்கு எட்டா? வாங்க ஜட்ஜம்மா, உங்க தீர்ப்பைக் கேட்டா திருடனே சிரிப்பான்" என்றார். அன்றிலிருந்து அவள் ஜட்ஜம்மா. அந்தப் பெயர் மாடிப்படி ஏறி அக்கம்பக்கத்துக்குப் போய், பேக்கரிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பல மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கிரீசும் கையுமாக நாளைக் கழிக்கிறவர். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரர். ஆனால் படம் என்று வந்துவிட்டால் மனிதருக்கு இரக்கமே கிடையாது. அவள் எதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாளோ அதைக் கிழிகிழியென்று கிழிப்பார். அவளுக்குக் கொட்டாவி வந்த படத்தை வாயாரப் புகழ்வார். முப்பத்தோரு வருஷம், எத்தனை படம், எத்தனை சீரியல்! ஒரு தடவையாவது இரண்டு பேர் விரலும் ஒத்துப்போயிருக்க வேண்டுமே? ஊஹூம். அவள் ஒன்று சொன்னால், "இல்ல" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அந்தச் சண்டைக்காகவே அவர்கள் படம் பார்த்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஐந்து மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினாறாம் நாள் ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அது 'ஆமா'.

ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு அவள் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்று வந்துவிட்டது, மீதியும் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்து டீவியைப் போட்டாள். 'ரெட்டை டாக்டர்' ஓடிக்கொண்டிருந்தது. அது அந்த சீரியலின் உண்மையான பெயர் இல்லை, அவர் வைத்த பெயர். உருவத்தில் ஒரே அச்சான அண்ணன் தம்பி, இரண்டு பேரும் டாக்டர், ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். "முந்நூறு எபிசோடு போயாச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ஒரு நோயாளியைத் தொட்டுப் பாத்தானா?" என்று தினமும் கத்துவார். அவளுக்கு அந்த சீரியல் என்றால் உயிர். அன்றைக்கு அவரை வம்புக்கு இழுக்கலாம் என்று, "இன்னிக்கு எபிசோடு பிரமாதம்ல?" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

ஜட்ஜம்மா டீவியை அணைத்துவிட்டு சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலேயே அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு மாதம் ஒரு பெண் வந்து போனாள். ஜட்ஜம்மா அவளை வாசல் வரை வழியனுப்புகிற சாக்கில் ரகசியமாகக் கேட்டாள். அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். "அவருக்குப் புரியுதும்மா, நிறையவே புரியுது. ஆனா உள்ள வேற நினைப்பார், வெளிய அந்த ஒரு வார்த்தைதான் வரும். தலையாட்டுறதையும் நம்பிடாதீங்க, வாய் போற வழியிலதான் தலையும் போகும். எழுதச் சொன்னாலும் அதே கதைதான்."

"என்னிக்காவது 'இல்ல' வருமா?"

"வந்தாலும் வரலாம். சொல்ல முடியாதும்மா."

இதை அவள் மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? பாவி மனுஷி, சொல்லவில்லை. மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். அப்பா இப்படி என்று தெரிந்தால் எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்கிற பயம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினால், "உங்கப்பாவுக்கு என்னடா, கேக்குறதுக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்றார்" என்று ஸ்பீக்கரில் போடுவாள். "சாப்பிட்டாச்சா?" என்பாள். "ஆமா." "மாத்திரை போட்டாச்சா?" "ஆமா." "பையன் பேசுறது கேக்குதா?" "ஆமா." 'ஆமா' என்று பதில் வரவேண்டிய கேள்விகளாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டாள். மறுமுனையில் மகன் சந்தோஷப்படுவது இங்கே கேட்கும்.

இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். அதற்கும் ஒரு நாள் முடிவு வந்து சேர்ந்தது. அவள் வேலையில் இருந்தபோது அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எதிர் வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கதவுப் பக்கம் வந்து, "என்ன சார், நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து தெளிவாக "ஆமா" என்று பதில் வந்திருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஜட்ஜம்மா வந்து கதவைத் திறந்தபோது மணி இரண்டரை. மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

மகன் அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். நல்ல பையன். வந்ததும் அப்பாவுக்கு முகச் சவரம் செய்துவிட்டான், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினான், எதிர் வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"அப்பா நினைச்சிருந்தா அன்னிக்கே உதவி கேட்டிருக்கலாம்மா. நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கார். யாருக்கும் தொல்லை குடுக்கக்கூடாதுன்னு அப்படியே கிடந்திருக்கார்" என்றான்.

அவள் சவரக் கிண்ணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். "அப்பா, நான் இருக்கிற ஊர்ல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நானே போய்ப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு, ராத்திரி பகல் ஆள் இருக்காங்க. வாரா வாரம் நான் வந்து பாப்பேன். அங்க வரீங்களாப்பா?"

"ஆமா" என்றார் அப்பா.

"மனசாரத்தானே சொல்றீங்க?"

"ஆமா."

மகன் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஜட்ஜம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் மகனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் என்ன இருந்தது என்று அவளால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. வேண்டாம் என்று இருந்ததாக அவளுக்குப் பட்டது. தனக்குப் பிடித்தபடி படுகிறதோ என்றும் பட்டது.

"அதெல்லாம் எதுக்குடா? நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"அவரே வரேங்கிறாரும்மா. நீதானே சொன்னே, எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொல்றார்னு? வியாழக்கிழமை காலைல அவங்க ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வருவாங்க. அப்பாகிட்ட நேராக் கேப்பாங்க. அவர் வாயால சரின்னு சொல்லாம யாரையும் சேத்துக்க மாட்டாங்களாம். அது அங்க சட்டம். அதனால நீ ஒண்ணும் பயப்படாதே."

பயப்படாதே என்றானே, அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பொய் சொன்னேன் என்று மகனிடம் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எல்லாம் புரிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் முன்னால், அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சொல்லையும் செல்லாக்காசு என்று எந்த வாயால் சொல்வது? அதைவிட அவர் ஒரு தடவை 'இல்ல' என்று சொல்லிவிட்டால் போதும். ஒரேயொரு தடவை. வியாழக்கிழமை காலைக்குள்.

அவர் வாயிலிருந்து 'இல்ல' வரவழைக்கிற வித்தை இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டாள். மகன் மருந்து வாங்க வெளியே போன நேரம் பார்த்து, ரெட்டை டாக்டரைப் போட்டாள். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இந்த மாதிரி ஒரு சீரியல் இதுவரைக்கும் வந்ததில்ல. கதைன்னா இது கதை. நீங்கதான் ரசனை இல்லாம அப்பெல்லாம் திட்டிட்டே இருந்தீங்க. இப்பப் புரியுதா?"

"ஆமா."

"பத்துக்குப் பத்து. சரியா?"

"ஆமா."

"அந்த வில்லி இருக்காளே, ஆஸ்பத்திரியே அவ பேர்ல இருக்காம், ஆனா அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம். நம்பற மாதிரிதானே இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவர் உதடு கோணியது. தொண்டையில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இழுத்து இழுத்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க அவர் அதை வெளியே தள்ளினார்.

"ஆமா."

சரி, வாய் வேண்டாம், விரல் இருக்கிறதே என்று நினைத்தாள். நல்ல கையான இடது கையைத் தூக்கி அவர் மடிமேல் வைத்தாள். "பேச வேண்டாம். மார்க் மட்டும் போடுங்க. பத்துக்கு எத்தனை?" என்றாள். அவர் தன் விரல்களையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஐந்தையும் விரித்தார். வேறொரு சேனலில் சமையல் போட்டி ஓடியது, அதற்கும் ஐந்து. செய்திக்கும் ஐந்து. விளம்பரத்துக்கும் ஐந்து. அவள் அந்தக் கையை மெல்ல மூடி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை விடவில்லை. முன்பெல்லாம் அவர் காதைப் பொத்திக்கொள்கிற பாட்டுப் போட்டியைப் போட்டாள். "நடுவர் சொன்னா தெய்வ வாக்கு" என்றாள். கதாநாயகன் ஒருவனாக நாற்பது பேரை அடிக்கிற படத்தைப் போட்டு, "இயற்கையா இருக்கு பாருங்க" என்றாள். மகன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னும் நீங்க ரெண்டு பேரும் விடலையா?" என்றான். அவனுக்கு அது பழைய விளையாட்டாகத் தெரிந்தது. அவனுடைய அம்மா தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை அவள் செய்ததை நினைத்தால் எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் அவள் நிலைமையில் இருந்து பார்க்கவேண்டும்.

அவருக்கு ஒரு படம் இருந்தது. மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடுகிறவர்களைப் பற்றிய படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை, இரண்டரை மணி நேரமும் ஆட்கள் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். அவள் அதில் பாதிக்கு மேல் தூங்கிவிட்டாள். அவர் ஒன்பது தடவை பார்த்தார். வாழ்நாளில் அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டியது அந்த ஒரு படத்துக்குத்தான். "இந்தப் படத்துல ஒருத்தனும் வேலையைப் பொய்யாச் செய்யல, ஜட்ஜம்மா. கடப்பாரையைப் பிடிக்கிறதைப் பாரு, அவன் பிடிக்கத் தெரிஞ்சவன்" என்று சொல்வார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

மகன் குளிக்கப் போயிருந்தான். அவள் அந்தப் படத்தைப் போட்டாள். அவர் முகம் மலர்ந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பத்து நிமிஷம் விட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"சகிக்கல" என்றாள். "இதெல்லாம் ஒரு படமா? குப்பை."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்தவனுக்கு வேலை இல்ல, பாத்த உங்களுக்கும் வேலை இல்ல. ஒன்பது தடவை பாத்தீங்களே, வெக்கமா இல்ல? அந்த மேஸ்திரி சாகுற இடத்துல நீங்க அழுதீங்க. நான் உங்களைப் பாத்துச் சிரிச்சேன். முட்டாள்தனமான படம், முட்டாள்தான் பாப்பான். இல்லன்னு சொல்லுங்க பாப்போம். சொல்லுங்க. இது குப்பைதானே?"

அவர் இடது கை நாற்காலியின் கட்டையைப் பிடித்தது. உடம்பு ஆடியது. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க. ஒரு தடவை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இல்லன்னு சொல்லித் தொலைங்களேன்."

"ஆமா" என்றார். "ஆமா, ஆமா, ஆமா." ஒவ்வொரு ஆமாவுக்கும் தலையை மாட்டேன் என்பதுபோல ஆட்டப் பார்த்தார். அது மேலும் கீழுமாகத்தான் ஆடியது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து, அன்றைக்குக் காலையில் மகன் சவரம் செய்துவிட்ட கன்னத்தில் இறங்கியது.

அவள் டீவியை அணைத்தாள். தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல படம்ங்க. நான்தான் தூங்கிட்டேன். ரொம்ப நல்ல படம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கும் அவர் ஆமா என்றார். இந்த ஆமா நிஜமா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இல்லத்து அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. நிதானமான அம்மா. மகன் காட்டிய நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, முக்காலியை எடுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே, அவர் கண்ணுக்குச் சமமாக உட்கார்ந்தார்.

"ஐயா, வணக்கம். உங்க பையன் எல்லாம் சொன்னார். நான் சொல்றது புரியுதா?"

"ஆமா."

"எங்க இல்லத்துக்கு வந்து தங்க உங்களுக்குச் சம்மதமா?"

"ஆமா."

"யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே? நீங்களாத்தானே சொல்றீங்க?"

"ஆமா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் டிக் விழுந்தது. இரண்டாவதில் விழுந்தது. ஜட்ஜம்மா சுவரோரம் நின்றுகொண்டு அந்தப் பேனா முனையையே பார்த்தாள். மூன்றாவது கட்டத்துக்கு அது போனபோது அவள் வாய் தானாகப் பேசியது.

"லிஃப்ட் அறுந்து விழுமே, அந்தப் படம் ஞாபகம் இருக்காடா?" என்று மகனைக் கேட்டாள்.

அதிகாரி நிமிர்ந்தார். மகன் புரியாமல் விழித்தான். "என்னம்மா இப்பப் போய்?"

"ஞாபகம் இருக்கா இல்லையா?"

இருக்காமல் எங்கே போகும்? அவனுக்கு அப்போது எட்டு வயது. பிறந்த நாளுக்கென்று கூட்டிப்போன படம். இடைவேளைக்கு முன்னால், நாயகி ஏறிய லிஃப்ட்டின் கயிறு அறுந்து, இருபது மாடியும் கீழே பாய்ந்தது. தியேட்டரே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஒரு கயிறு இல்லய்யா, ஆறு கயிறு இருக்கு. ஆறும் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும். எவன்யா எழுதினான் இதை?" என்று முன் வரிசை, பின் வரிசை எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். தியேட்டர்காரன் டார்ச் அடித்து உட்காரச் சொன்னான். உட்கார்ந்தாரா? பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பிள்ளை தெருவெல்லாம் அழுதது. அந்தப் படத்தின் மறுபாதியை அவன் இன்றுவரை பார்க்கவில்லை.

"இருக்கு" என்றான் மகன்.

அவள் புருஷனிடம் போனாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் படம் நல்ல படமாங்க?"

"ஆமா."

"லிஃப்ட் அப்படித்தான் அறுந்து விழுமா?"

அவர் கழுத்தில் நரம்பு எழுந்தது. அவள் அதையும் பார்க்கவில்லை.

"ஆமா."

"பிரேக்னு ஒண்ணு லிஃப்ட்ல கிடையவே கிடையாது. அப்படித்தானே?"

"ஆமா."

மகன் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு வயதில் தோளில் தொங்கிக்கொண்டு தெருவெல்லாம் கேட்ட குரல் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அப்ப அன்னிக்கு, எதிர் வீட்டுக்காரர் கேட்டப்ப..." என்றான்.

"உதவி கேட்டிருக்கார்டா" என்றாள். "நல்லா இல்லன்னுதான் சொல்லியிருக்கார். அவருக்கு வர்றதே அந்த ஒரு வார்த்தைதான். அஞ்சு மாசமா எனக்குத் தெரியும். உன்கிட்ட நான் பொய் சொன்னேன்."

அதிகாரி முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அவர் கையைத் தொட்டு, மெதுவாகக் கேட்டார். "ஐயா, எங்க இல்லத்துக்கு வர உங்களுக்கு இஷ்டம் இல்லையா?"

"ஆமா."

படிவத்தில் போட்டிருந்த இரண்டு டிக்கையும் அதிகாரி குறுக்கே கோடு போட்டு அடித்தார். ஜட்ஜம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்துவிட்டாள்தான். ஆனால் நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்று பேர் பார்த்திருக்க, தன் தொழிலையே தன் வாயால் பொய்யாக்கியவர் வேறென்ன செய்வார்?

"நல்லவேளை சொன்னீங்கம்மா. இதை நான் சம்மதம்னு எழுதியிருந்தா பெரிய பாவம்" என்றார் அதிகாரி. படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "சொல்ல முடியாதவங்களுக்கு இந்தப் பக்கம். இதுல மனைவிதான் சொல்லணும். உங்களுக்கு என்ன வேணும்னு இல்ல, அவர் மனசுல என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும். இங்க இருக்கணும்பாரா, எங்ககிட்ட வரேன்பாரா? இத்தனை வருஷம் கூட இருந்திருக்கீங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"இங்கதான்" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். மூன்று நாளாக இதற்குத்தானே தவித்தாள்? சொல்வதற்கு முன்னால், பழக்கதோஷம், அவர் பக்கம் திரும்பினாள்.

"இங்கயே என்கூட இருந்துடறீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"ஆமா."

உடனே வந்தது, தெளிவாக வந்தது. லிஃப்ட்டுக்கு வந்த மாதிரியே வந்தது. அதிகாரியின் பேனா அசையவில்லை. மகன் தரையைப் பார்த்தான். அந்த ஆமாவை எடுத்துக்கொள்ள அந்த அறையில் ஒருவருக்கும் உரிமை இல்லாமல் அவளே செய்துவிட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"நான் வேலைக்குப் போயிடுவேன்" என்றாள் அவரிடம். "நீங்க தனியா இருப்பீங்க. மறுபடி விழுவீங்க, யாரும் வரமாட்டாங்க. அதுக்கு அங்கயே போயிடலாம்னு தோணுதா? தோணினா அதையும் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"ஆமா."

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. முப்பத்தோரு வருஷமா நான் ஒண்ணு சொன்னா அவர் இல்லம்பார். அதை வச்சுத்தான் அவர் மனசு எனக்குத் தெரியும். எனக்கு அவர் இங்க இருக்கணும். அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல."

"ஏதாவது ஒண்ணு எழுதித்தான் ஆகணும்மா" என்றார் அதிகாரி. பரிவாகத்தான் சொன்னார்.

"சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் சரி" என்றான் மகன்.

வெளியே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, யாரோ பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஜட்ஜம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அவரைப் பார்த்துக் காத்திருந்தாள். அதிகாரி எழுதி முடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவை அவள் கையில் வைக்கும் வரைக்கும் காத்திருந்தாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.